அதை என்றால் எதை?

கொழுந்தன் வாயில் அகப்பட்ட யாரும் சொந்தப் பேரோடு தப்பியதில்லை. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் தன் அண்ணனுக்கு ‘ஸ்பேனர்’ என்று பேர் வைத்தவர், அண்ணிக்கு வைத்த பேர் ‘துபாஷி’, இரண்டு பாஷைக்கு நடுவில் நின்று பேசுகிறவள். வைத்தது கேலிக்குத்தான். ஆனால் அந்தப் பேர் சட்டை மாதிரி அவளுக்கு அளவாகப் பொருந்திவிட்டது. நாளாக ஆக, அக்கம்பக்கத்தில் அவளுடைய உண்மையான பேரைச் சொன்னால் “அது யாரு?” என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. குடியேறிய அந்நிய நாட்டில், மருத்துவமனை விரிப்புகளை வெளுக்கும் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உலர்த்தியிலிருந்து சூடு பறக்க வந்து விழும் விரிப்புகளை இரண்டு பேர் எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். எதிரே நின்றவள் ஆங்கிலக்காரி, பேச்சுக்காரி. முனைகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நடந்து வந்து நடுவில் சேர்வார்கள். முகத்துக்கு முகம் வரும்போது அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். இவள் அதைக் கேட்டுக்கொண்டே பின்னால் போவாள். அடுத்த மடிப்புக்கு முன்னால் வரும்போது பதில் சொல்வாள். ஒரு விரிப்புக்கு நாலு மடிப்பு, நாலு வாக்கியம். பதினோரு வருஷம் இப்படி மடித்து மடித்தே இவளுக்கு ஆங்கிலம் வந்தது. எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போய் உட்கார்ந்து படித்ததில்லை.

கூட வேலை பார்த்த தமிழ்ப் பெண்கள் மருத்துவர் அனுப்பிய கடிதம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக் கடிதம் என்று கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். இவள் படித்துச் சொல்வாள். சிலரோடு துணைக்கும் போவாள். அதைப் பார்த்துத்தான் கொழுந்தன், “அண்ணி, பேசாம துபாஷியா போயிடுங்க. மடிக்கிற வேலையாவது மிச்சம்” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதை இவள் வினையாகவே எடுத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் சேர்வதற்கான தேர்வை எழுதினாள். தேறவில்லை.

தேறவில்லை என்ற கடிதத்தின் கடைசி வரியில்தான் குழப்பம். வேண்டுமானால் ‘ரீடேக்’ பண்ணலாம் என்று இருந்தது. ‘ரீ’ என்றால் திரும்ப, ‘டேக்’ என்றால் எடு. ஆக, எழுதின தாளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, எங்கே தப்பு விட்டோம் என்று பார்க்கலாம் என்று இவள் ஒரு நாள் விடுப்புப் போட்டு, நல்ல உடுப்பாக உடுத்திக்கொண்டு, அந்த அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். என் தாளை வாங்கிப் போக வந்திருக்கிறேன் என்றாள். அங்கிருந்த குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அலமாரியைத் திறந்தார், மூடினார், மேலதிகாரியைக் கூப்பிட்டார். அரைமணி நேரம் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. ரீடேக் என்றால் தேர்வை மறுபடி எழுதுவது. தாளைத் திரும்ப வாங்குவது இல்லை. குமாஸ்தா சிரிக்காமல் சொன்னார். அவர் சிரித்திருந்தால்கூட இவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். “பரீட்சைய எடுக்கறாங்க, மாத்திரைய எடுக்கறாங்க, குளியல எடுக்கறாங்க, பஸ்ஸகூட எடுக்கறாங்க. இவங்க எடுக்காதது ஒண்ணு உண்டா?”

அவர் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தார். “நம்ம மட்டும் என்னவாம்? மூச்சு வாங்கறோம், பேர் வாங்கறோம், அடி வாங்கறோம், வேலை வாங்கறோம். எல்லாத்தையும் கடைக்குப் போயா வாங்கறோம்?”

அவள் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். மறுபடி தேர்வு எழுதினாள், தேறினாள். சலவைக்கூடத்தை விட்டாள்.

அதன் பிறகு பதின்மூன்று வருஷம். மருத்துவமனை, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், எங்கே தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்தாலும், நடுவில் ஒரு நாற்காலி போட்டு இவளை உட்கார வைத்தார்கள். அந்த வேலைக்கு மூன்று விதிகள். பேசுகிறவர் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தெளிவில்லை என்றால் நிறுத்திக் கேட்க வேண்டும். முதல் இரண்டிலும் அவளை யாரும் குறை சொன்னதில்லை. மூன்றாவது விதி மட்டும் நாளடைவில் துருப்பிடித்துப் போயிற்று. ஏனென்றால் அவளுக்கு இருந்த பேரே வேகம்தான். பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கும்போது இவள் அடுத்த மொழியில் அதைத் தொடங்கியிருப்பாள். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் எடுக்கும் சந்திப்பு இவள் உட்கார்ந்தால் ஒன்றேகாலில் முடியும். அதிகாரிகள் இவளையே கேட்டு வாங்கினார்கள். அதில் இவளுக்குப் பெருமை இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

இந்தப் பெருமையோடுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை தொழிலாளர் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்குப் போனாள்.

நீள மேசை, தண்ணீர்க் கூஜா, கண்ணாடித் தம்ளர்கள், ஒரு பெட்டியில் மெல்லிய காகிதக் கைக்குட்டைகள். மேசையின் தலைமாட்டில் சமரசம் பேசிவைக்கும் அதிகாரி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் அம்மாள். ஒரு பக்கம் உலோகப் பாகங்கள் செய்யும் பட்டறையின் மேலாளர்: தடித்த உடம்பு, இறுக்கமான காலர், உட்கார்ந்ததிலிருந்து பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். எதிர்ப்பக்கம் அந்தப் பட்டறையில் ஒன்பது வருஷம் லேத் ஓட்டிய கடைசல்காரர். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். பேசும்போது கூடப் பெருவிரலால் மேசை விளிம்பைத் தடவித் தடவி, மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குச் சற்றுப் பின்னால், பக்கவாட்டில், துபாஷியின் நாற்காலி.

நடந்தது இதுதான். பட்டறையில் தகட்டை வெட்டும் இயந்திரம் ஒன்றில் கை சிக்காமல் தடுக்கும் காப்பைக் கழற்றிவைத்துவிட்டு வேலை வாங்கினார்கள். காப்பு இருந்தால் வேலை மெதுவாகிறது. ஒரு நாள், அவரோடு வேலை பார்த்தவர் ஒருவருடைய இரண்டு விரல்கள் போயின. கடைசல்காரர் யாரிடமோ எழுதி வாங்கி, பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்பினார். சில வாரம் கழித்து மேலாளர் எல்லாரையும் கூட்டிவைத்து, அன்றைக்கு ஒரு நாள்தான், துடைப்பதற்காகத்தான் காப்பைக் கழற்றியிருந்தோம் என்றார். நாற்பது பேர் நடுவில் கடைசல்காரர், தனக்கு நன்றாகத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் ஒன்றை எடுத்து வீசினார். பொய்யன் என்று பொருள்படும் சொல். அன்றைக்கே வேலை போயிற்று.

இரண்டு மணி நேரம் இழுபறி. புகாரைப் பற்றியும் பேச்சு வந்தது, அந்தச் சொல்லைப் பற்றியும் பேச்சு வந்தது. புகாரின் நகல் மேசை நடுவிலேயே கிடந்தது. துபாஷி அன்றைக்கு நல்ல ஓட்டத்தில் இருந்தாள். சொற்கள் தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தன. ஒரு மணி ஆகப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது மேலாளர் பேனா மூடியை மாட்டி, பேனாவைக் கீழே வைத்தார். அவர் இறங்கி வருகிறார் என்று எல்லாருக்குமே தெரிந்தது. “ஐ வில் டேக் ஹிம் பேக்” என்றார். பெருமூச்சு விட்டார். “பட் ஹீ டேக்ஸ் இட் பேக் ஃபர்ஸ்ட். இன் ஃப்ரன்ட் ஆஃப் எவ்ரிபடி.”

துபாஷியின் குறிப்பேட்டில் இரண்டு வளைந்த அம்புகள் விழுந்தன. ஒன்றின் நுனியில் ஓர் ஆள், மற்றதன் நுனியில் ஒரு வட்டம். அவர் முடிப்பதற்குள் இவள் தொடங்கிவிட்டாள்.

“நான் அவரைத் திரும்ப வேலைக்குச் சேத்துக்கறேன். ஆனா முதல்ல அவர் அதை வாபஸ் வாங்கணும். எல்லார் முன்னாடியும்.”

கடைசல்காரரின் பெருவிரல் மேசை விளிம்பில் நின்றது. அவர் மேசை நடுவில் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். பிறகு மேலாளரை நிமிர்ந்து பார்த்தார்.

“மாட்டேன். ஒருத்தனுக்கு ரெண்டு விரல் போயிருக்கு. நான் வாபஸ் வாங்கினா அந்த விரல் வந்துடுமா?”

இவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மேலாளரின் கழுத்து காலருக்கு மேலே சிவந்தது. அதிகாரி அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இதுதான் உங்கள் முடிவா என்று கடைசல்காரரைக் கேட்டார். முடிவுதான் என்றார் அவர். சமரசம் ஏற்படவில்லை என்று எழுதி, கையெழுத்து வாங்கி, எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். போகும்போது கடைசல்காரர் இவளைப் பார்த்து, “நல்லாச் சொன்னீங்க அக்கா, நன்றி” என்றார். இவள் விதிப்படி குறிப்பேட்டுத் தாளைக் கிழித்து, காகிதம் அரைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டுப் பேருந்து பிடித்தாள். வேலை சுத்தமாக முடிந்த திருப்தியோடுதான் வீடு வந்து சேர்ந்தாள்.

பன்னிரண்டு நாள் அந்தத் திருப்தி நீடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அடுக்களையில் இவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள், இருபத்து நாலு வயது, பல் மருத்துவக் கூடம் ஒன்றில் செயற்கைப் பல் செய்கிறவள், சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். தோழிக்கும் அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கும் ஏதோ சண்டை. மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், கடைசியில் அவன் அதை ‘டேக் பேக்’ பண்ணினானா என்று. அந்தப் பக்கம் ஏதோ பதில் வந்தது. மகள் நல்லவேளை என்று சொல்லிப் போனை வைத்தாள்.

துபாஷி காயிலிருந்து நிமிர்ந்தாள். “அடப்பாவி, மோதிரத்தையா திரும்ப வாங்கிட்டான்? அதுக்கு நீ நல்லவேளைங்கறே?”

“மோதிரம் இல்லம்மா. உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தான். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிட்டான். மோதிரம் அவ கையிலதான் இருக்கு.”

“அதைன்னுதானே கேட்டே?”

“ஆமா. அதைன்னா எதைன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியுமே.”

மகள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். துபாஷி கத்தியை வைத்தாள். பாதி நறுக்கிய காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வளைந்த அம்புகளும் கண் முன்னால் வந்தன. அந்த வட்டம். அதற்குள் அவள் ஒன்றுமே எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

புகார், வழக்கு, மனு: தமிழ்க் காதுக்கு வாபஸ் என்றதும் முதலில் இவைதான் ஞாபகம் வரும். எதிரே புகாரின் நகல் வேறு கிடந்தது. கடைசல்காரர் அதைத்தான் பார்த்தார். அவர் பார்த்ததை இவளும் பார்த்தாள். ஆனால் மேலாளர் எல்லார் முன்னாடியும் என்றாரே. துறைக்கு அனுப்பிய புகாரை யார் போய் நாற்பது பேர் நடுவில் வாபஸ் வாங்குவார்கள்? நாற்பது பேர் நடுவில் சொன்னது அந்த ஒரு சொல்தானே? அவர் கேட்டது ஒன்று. இவர் மறுத்தது வேறொன்று. விரலைப் பற்றி இவர் சொன்ன பதிலைக் கேட்டு, நீ பொய்யன்தான், அதற்கு அந்த விரல்களே சாட்சி என்று மறுபடி சொல்வதாக மேலாளர் எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்த மாதிரியே இருந்திருக்கிறது. நடுவில் உட்கார்ந்தவள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் அசட்டு மனிதர் இல்லை. சொன்னதும் அசட்டுத்தனமாக இல்லை.

“அந்தாளு மனசுல என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே புகாரைத்தான் சொல்லியிருக்கலாம். அப்ப நீ போய்ச் சொல்றது வீண்தானே? உன் பேர்தான் கெடும்.”

“இருக்கலாங்க. எனக்குத் தெரியல. தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன் பாருங்க, அதுதான் தப்பு.”

“யாரும் கேக்கலியே.”

“கேக்க வேண்டியவ நான்தானே?”

அவர் எழுந்து போய், மேசையில் கிடந்த தன் சாமான்களை ஒதுக்கி, அவள் எழுதுவதற்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

மொழிபெயர்ப்பாளர் பட்டியல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவது அவ்வளவு சுலபமாக இல்லை. முதல் வரியிலேயே, என் மொழிபெயர்ப்பை ‘டேக் பேக்’ பண்ணுகிறேன் என்று ஆங்கிலத்தில் எழுதினாள். மகள் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

“அப்படிச் சொல்ல மாட்டாங்கம்மா. நம்ம சொன்ன பேச்சைத்தான் நம்ம திரும்ப எடுத்துக்க முடியும். நீ சொன்னது உன் பேச்சே இல்லையே, அவங்க பேச்சு.”

“அப்ப நான் என்னதான் பண்றது?”

“திருத்தறேன்னு எழுது.”

திருத்துகிறேன் என்று எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். எந்த இடத்தில் தான் கேட்டிருக்க வேண்டும், ஏன் கேட்கவில்லை என்பதையும் எழுதினாள். ஏன் என்ற இடத்தில் ‘களைப்பு’ என்று போட்டு, பிறகு அதை அடித்துவிட்டாள். அன்றைக்கு அவள் களைப்பாக இல்லை. வேகமாக இருந்தாள். அதையே எழுதினாள்.

நாலு நாள் கழித்துப் பட்டியல் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். ஒல்லியான மனிதர், எதையும் இரண்டாவது தடவை படித்துவிட்டுத்தான் வாய் திறப்பார். இந்த நாற்காலியில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், துபாஷிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கடிதங்களை வைக்க ஒரு கோப்பு இருக்கிறது, துபாஷியே தன்னைப் பற்றி எழுதினால் வைக்க என்னிடம் கோப்பு இல்லை என்றார். திட்டவில்லை. ஆறு மாதம் விசாரணை அறைகளுக்கு இவளை அனுப்புவதில்லை, மருத்துவமனை வேலை மட்டும்தான் என்றார். சமரசப் பேச்சு மறுபடி நடக்கும், அதற்கு வேறு துபாஷி வருவார். ஆனால் தொடக்கத்தில் இவள் போய், நடந்ததை இரண்டு தரப்புக்கும் அவரவர் மொழியில் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வெளியேறிவிட வேண்டும்.

அந்த நாள் வர மேலும் மூன்று வாரம் ஆயிற்று. அதே அறை, அதே கூஜா. இவளுடைய நாற்காலியில் இப்போது அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அடிக்கடி இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவளுக்கு நாற்காலி இல்லை. மேசையின் கடைசியில் நின்றாள். பதின்மூன்று வருஷத்தில் அந்த மாதிரி ஓர் அறையில் அவள் ‘நான்’ என்று சொல்லி, அது அவளையே குறித்தது அன்றைக்குத்தான். முதலில் ஆங்கிலத்தில் சொன்னாள். மேலாளர் கையில் இருந்த பேனாவை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, புருவத்தைத் தூக்கிக் கடைசல்காரரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

பிறகு தமிழில் சொன்னாள்.

“அன்னிக்கு அவர் சொன்னதுல ‘அதை’ன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. எதைன்னு நான் அவரைக் கேக்கல. உங்க புகாரையா, நீங்க அவரைச் சொன்ன சொல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே வாபஸ்ங்கற வார்த்தையைப் போட்டுட்டேன். தப்பு என்னோடது.”

இவள் கடைசல்காரரின் கைகளைப் பார்த்தாள். விரல் கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன, தோல் வெடித்திருந்தது. இடைப்பட்ட நாட்களில் அவர் ஏதோ குளிர்பதனக் கிடங்கில் பெட்டி இறக்கும் வேலைக்குப் போனதாகக் கேள்வி. நூலிழை கனத்தைக்கூடத் தடவிச் சொல்ல வேண்டிய விரல்கள்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அக்கா” என்றார்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். இவள் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான், குடையை மேலேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போக மனசு வரவில்லை. நனைந்துகொண்டே நிறுத்தத்துக்கு நடந்தாள்.

உள்ளே நடந்தது அவளுக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த இருமல்காரப் பெரியவரை ஒரு மருத்துவமனை வாசலில் பார்த்தாள். வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு விதியைக் கொஞ்சம் தள்ளிவைத்தார். அதிகாரி அம்மாள் மேலாளரிடம் நேராகவே கேட்டிருக்கிறார், அதை என்றால் எதை என்று. அந்தச் சொல்லைத்தான் என்றாராம் மேலாளர். புகாரை வாபஸ் வாங்கச் சொல்ல நான் யார், அது துறைக்குப் போன காகிதம் என்றும் சொன்னாராம். பெரியவர் அதைத் தமிழில் சொன்னதும் கடைசல்காரர் மேலாளரை நிமிர்ந்து பார்த்தாராம்.

“அப்புறம் ஒண்ணு சொன்னார் பாரும்மா, அப்படியே ஞாபகம் இருக்கு” என்றார் பெரியவர். “‘பொய்யன்னு சொன்னதை வாபஸ் வாங்கறேன், அது கோவத்துல சொன்னது. புகார் கோவத்துல எழுதினது இல்ல, அது அப்படியே இருக்கும்’னார். இதை இங்கிலீஷ்ல சொல்றதுக்குள்ள எனக்கு இருமல் வந்து பிராணனை வாங்கிடுச்சு.”

அடுத்த திங்கட்கிழமை கடைசல்காரர் பட்டறையில் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னார். வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆறு மாதமும் துபாஷி மருத்துவமனைகளுக்கே போய்வந்தாள். அங்கே அவளுக்கு வேறொரு பேர் பரவியது. ‘இது’, ‘அது’ என்று ஒரு மருத்துவர் சொன்னால் உடனே பேனாவைத் தூக்கிவிடுவாள். எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்பாள். மாத்திரையைத் திரும்ப எடுக்கலாம் என்றால், மறுபடி ஒன்று விழுங்குவதா, நிறுத்தி வைத்திருந்ததைத் தொடங்குவதா என்று கேட்பாள். சில மருத்துவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். சிலர் கேட்ட பிறகுதான் தங்களுக்கே தெளிவில்லை என்று கண்டு, கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேறு பதில் சொன்னார்கள். ஒன்றேகாலில் முடிந்த வேலை ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று நீண்டது. முன்னால் கேட்டு வாங்கிய அதிகாரிகளில் இரண்டு மூன்று பேர் வேறு ஆளைக் கேட்க ஆரம்பித்தார்கள். அது அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. வீட்டில் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்ளவும் செய்தாள். “மெதுவா ஓடற வண்டியத்தான் நாங்க பணிமனையில வச்சு வைத்தியம் பார்ப்போம். உன்னை என்ன பண்றது?” என்றார் கணவர்.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு நாள் காலையில் அவள் ஏறிய பேருந்தில் கடைசல்காரர் உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்துவிட்டார். பார்க்காத மாதிரி சன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளலாம், அவர் திரும்பவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இவள் உட்கார்ந்தாள்.

எங்கே போறீங்க என்று கேட்டார், சொன்னாள். இரண்டு நிறுத்தம் கழித்து அவராகவே ஆரம்பித்தார். துறையிலிருந்து ஆள் வந்து பார்த்தார்களாம். அந்த இயந்திரத்துக்கு இப்போது காப்பு இருக்கிறதாம், மஞ்சள் வண்ணம் அடித்து, கழற்றினாலே இயந்திரம் ஓடாதபடி பூட்டு வைத்து. விரல் போனவர் சாமான் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறாராம்; மற்றக் கையால் எழுதப் பழகிவிட்டாராம், முன்னால் இருந்த எழுத்தைவிட இது பரவாயில்லை என்று எல்லாரும் சொல்கிறார்களாம்.

“நீங்க அங்கதான் இருக்கீங்களா தம்பி?”

“இல்லக்கா. சேத்துக்கிட்டாங்க, தப்பு சொல்லக் கூடாது. அந்தாளும் நல்லாத்தான் பேசினார். ஆனா எனக்குத்தான் அங்க போய் நின்னா ஒட்டல. அஞ்சு மாசம் பார்த்தேன். இப்ப வேற பட்டறை. சின்ன இடம். லேத்து பழசு, ஆனா நல்லா ஓடுது.”

அவர் கைகள் பையின் மேல் இருந்தன. வீக்கம் இல்லை. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி மட்டும் கொஞ்சம் வெளுத்து, மரத்துப்போன மாதிரி இருந்தது. அது அந்தக் குளிர்பதனக் கிடங்கில் வந்ததா, முன்னாலேயே இருந்ததா என்று தெரியவில்லை. கேள்வி அவள் வாய் வரை வந்தது. இப்போதெல்லாம் எதையும் கேட்டுவிடுகிறவள் இதைக் கேட்கவில்லை. ‘ஆமாம்’ என்று அவர் சொன்னால் தாங்க வேண்டும். ‘இல்லை’ என்று சொன்னால் அது இவளுக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

“கை எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

அவர் விரல்களை விரித்துப் பார்த்தார். “இருக்கு” என்றார். “வேலை செய்யுது.”

அவர் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். போய்ட்டு வரேன் அக்கா என்றார். இவளும் சரி தம்பி என்றாள். கதவு மூடியது. பேருந்து கிளம்பிய பிறகும் அவர் நடைபாதையில் வேகமாக நடப்பது கொஞ்ச தூரம் தெரிந்தது, நேரமாகிவிட்டவர் நடை.

இவளுக்கும் நேரமாகிவிட்டது. மருத்துவமனைக்கு நாலு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாள். காது மந்தமான ஒரு தாத்தா தன் மருமகளோடு காத்திருந்தார். துபாஷி என்றால் மருத்துவர் என்று நினைத்துக்கொண்டு, இவளைக் கண்டதும் இடது காதைத் திருப்பிக் காட்டினார். இவள் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் காதருகே குனிந்து, தான் யார் என்று உரக்க, நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள்.